கடைசி யாருங்க?

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்கர் ஹோல்ம் எர்மெலிண்டாவின் காபிக் கடைக்குள் நுழைந்ததும், யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேரே சுவரில் மாட்டியிருக்கும் பலகைக்குப் போவார். பலகையின் இடப்பக்கம் அந்த வாரம் இறந்தவர்களின் படம் போட்ட அறிவிப்புகளுக்கு. வலப்பக்கம் அவருக்கு. போன வாரத் தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, புதுத் தாளை நான்கு மூலையிலும் குத்தி, விரலால் நீவிவிட்டு, அதற்கப்புறம்தான் திரும்பி எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம். கடையில் இருப்பவர்கள் முதலில் இடப்பக்கம் பார்ப்பார்கள். "போனது யாரு?" அப்புறம் வலப்பக்கம். "இங்கரம்மா இந்த வாரம் யாரைக் கொன்னுருக்காங்க?"

அவருக்கு வயது எழுபத்தொன்று. நெடுநெடுவென்று உயரம், வெளுத்த புருவம், ஆண்கள் செருப்பு. டென்மார்க் ரயில்களில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக ஓடியவர், ஓய்வு பெற்றதும் போர்ச்சுகலின் கிழக்கு மலைப்பக்கம், இருநூற்றுப் பத்து பேர் மட்டும் மிஞ்சியிருக்கும் வால் டி அமோராவில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதிமூன்று வருடமாயிற்று. ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் வெயிலுக்காக என்பார். அதையே ஜனவரியில் கேட்டால், வீட்டுக்குள்ளேயே கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்துகொண்டு, "எங்க ஊர்ல குளிர் வெளிய நிக்கும். நீங்கதான் அதை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருக்கீங்க" என்பார்.

வாரா வாரம் அவர் கையால் எழுதி மாட்டும் அந்த அரைப் பக்கக் கிண்டலில் அமைச்சரின் ராஜினாமாவும் வரும், பக்கத்து வீட்டு நாயும் வரும். பட்டம் வாங்கிய எவரையும் டாக்டர் என்றழைக்கும் இந்த நாட்டு வழக்கத்தைப் பற்றி ஒருமுறை எழுதினார்: "சதுக்கத்தில் நின்று 'டாக்டர் ஐயா' என்று கூப்பிட்டேன். ஐந்து பேர் திரும்பினார்கள். தலைவலி என்றேன். ஐந்து பேரும் நடையைக் கட்டினார்கள்." தேர்தல் வருகிறது என்று அறிய நாள்காட்டி வேண்டாம், தார் வாசனை போதும் என்று எழுதினார். இந்த ஊர்க்காரர்கள் ஒரு காபி குடிப்பதற்குள் அரசாங்கத்தை மூன்று முறை கவிழ்த்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்ததும் அதைத் திரும்பத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்றும் எழுதினார். யார் என்றே தெரியாமல் யாரோ வாசல் கதவில் முட்டைக்கோஸ் பையை மாட்டிவிட்டுப் போவது இங்கே சகஜம். அதற்கு அவர் எழுதியது: "டென்மார்க்கில் இப்படி நடந்தால் போலீசைக் கூப்பிடுவோம். இங்கே சூப் வைக்கிறோம்." அந்த வாரம் அவர் வீட்டுக் கதவில் ஏழு முட்டைக்கோஸ் தொங்கின.

அதிகம் அடி வாங்குகிறவர் ஊராட்சித் தலைவர் வல்தெமார். சட்டம் படித்தவர், ஆகவே அவரும் டாக்டர் ஐயாதான். தாளை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு, "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிப் போவார். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்று சனிக்கிழமை எழுதினால் செவ்வாய்க்கிழமை ஏணி வந்து நிற்கும். எர்மெலிண்டாவுக்கு இதில் ஆச்சரியம் தீரவே இல்லை. "எங்க நாட்டை நாங்க திட்டுனா அது பேச்சு. வெளியாளு திட்டுனா அது சண்டை. இந்தம்மா மட்டும் எப்படியோ நடுவுல பூந்துட்டாங்க!"

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் இங்கர் ஊரோடு ஒட்டவில்லை. அது வரிசை.

புதன்கிழமை தோறும் சுகாதார நிலையத்துக்கு ஒரு டாக்டர் வருவார், நிஜ டாக்டர். சுவரோரம் நாற்காலிகள் கிடக்கும். உள்ளே வருகிறவர் வாசலில் நின்று, "கடைசி யாருங்க?" என்பார். ஒரு கை உயரும். அந்த முகத்தை மனதில் பிடித்துக்கொண்டால் போதும். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், வீட்டுக்குப் போய்க் கோழிக்குத் தீனி போட்டுவிட்டும் வரலாம். அந்த முகம் உள்ளே போய் வந்தால் அடுத்தது நீங்கள். முப்பது பேர் இருந்தாலும் பிசகாது. இங்கருக்கு இது பிடிபடவே இல்லை. "மூஞ்சிக்கு நம்பர் ஏது?" என்று கேட்டவர், ரத்தக் கொதிப்பு பார்க்க வரும்போதெல்லாம் ஓரமாக நின்று, எல்லோரும் முடிந்த பிறகு போவார்.

போன வருடத் தேர்தலுக்கு முந்தைய மாதம், தார் வாசனையோடு சேர்ந்து எண் சீட்டு எந்திரமும் வந்து இறங்கியது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், வல்தெமார் ரிப்பன் வெட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த புதனிலிருந்து அதன் பச்சைப் பொத்தானை அழுத்தியது ஒரே ஒரு விரல், இங்கருடையது. எண் ஒன்று. ஒவ்வொரு வாரமும் எண் ஒன்று. அந்தச் சீட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்; உள்ளே போவது மட்டும் பழையபடி எல்லோரும் முடிந்த பிறகுதான். யாராவது வந்து கடைசி யார் என்று கேட்டால் கை தூக்கமாட்டார், சீட்டைத்தான் காட்டுவார். கேட்டவர் அவரைத் தாண்டி அடுத்த முகத்தைத் தேடிக்கொள்வார். சர்க்கரைப் புண்ணுக்குப் புதன் தோறும் கட்டு மாற்ற வரும் எண்பத்திரண்டு வயது சுல்மீரோ, ஒருநாள்கூட விடாமல் சீண்டுவார்:

"டிக்கெட் எல்லாம் சரிதான்மா. ரயில் எத்தனை மணிக்கு?"

பிப்ரவரியில் மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. வால் டி அமோராவில் வாரத்துக்குச் சராசரி ஒரே ஒரு நோயாளிதான் வருவதாகத் தெரிகிறது, எனவே மார்ச் மாதத்தோடு புதன்கிழமை டாக்டர் நிறுத்தம். எந்திரம் தன் எண்ணிக்கையைக் கம்பி வழியே ஒரு அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. டாக்டர் எழுதும் விவரங்கள் வேறொரு அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு அலுவலகங்களும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். பெரிய ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பஸ்ஸோ வாரத்துக்கு இரண்டு நாள்தான்.

எர்மெலிண்டாவின் கடை கொதித்தது. "மானக்கேடு!" "லிஸ்பன்ல குந்தியிருக்கறவனுக்கு நம்ம கால் வலி தெரியுமா?" காபி ஆறுவதற்குள் அரசாங்கம் இரண்டு தடவை கவிழ்ந்தது. சுல்மீரோ மட்டும் தன் கட்டுப் போட்ட காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். இங்கர் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். முப்பது வருடம் எண்களைப் படித்த கண். ஒரு வரியில் போய் நின்றது, அப்புறம் நகரவில்லை. முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"ஒருத்தரும் அழுத்தாம இருந்திருந்தா எந்திரம் ரிப்பேர்னு நெனச்சிருப்பாங்க" என்றார். "ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு வாரா வாரம் நான்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

ஊரையே எட்டு திசையிலும் கிண்டல் செய்த மனுஷி இப்படி உடைந்து நிற்பதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அரைப் பக்கம் முழுதாக நிரம்பவில்லை. நான்கே வரி. கூட்டம் நெருக்கியதால் எர்மெலிண்டாவே சத்தமாகப் படித்தாள். "இந்த வாரம் நான் கொல்லப் பார்த்தது சுல்மீரோ ஐயாவின் காலை. நீங்கள் முப்பது பேர் இருந்த அறையில் ஒருவர் இருப்பதாகச் சாட்சி சொன்னது என் விரல். பதிமூன்று வருடத்தில் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. வருகிற புதனிலிருந்து எல்லோரும் அந்தப் பொத்தானை அழுத்துங்கள்."

சுல்மீரோ தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். "அழுத்தறோம்மா. ஆனா நம்பர்படி உள்ள போவோம்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க!"

அதோடு இங்கர் சும்மா இருக்கவில்லை. திங்களும் செவ்வாயும் வீடு வீடாக ஏறி இறங்கினார். கதவு திறக்காத வீடுகளில் துண்டுச் சீட்டோடு ஒரு முட்டைக்கோஸையும் மாட்டிவிட்டு வந்தார். மலைச்சரிவில் இருக்கிற ஒற்றை வீடுகளுக்கு வல்தெமார் தன் காரை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் புதனன்று தொண்ணூற்று நான்கு சீட்டு. நோய் இருந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி, ஆனால் ரத்தக் கொதிப்பு எல்லோருக்கும்தானே இருக்கிறது. பதினோரு மணிக்குத் தாள் சுருள் தீர்ந்துபோய், டாக்டர் ஐயா வல்தெமார் புதுச் சுருளுக்காக ஓடிய ஓட்டத்தை ஊர் இன்னும் நடித்துக் காட்டுகிறது. ஒருவர் சீட்டைத் தொப்பியில் செருகிக்கொண்டார், இன்னொருவர் அதை மடித்து ஆடுகிற நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். உள்ளே போனது மட்டும் வழக்கம்போல முகம் பார்த்துத்தான். ஒருவர்கூட முந்தவில்லை, ஒருவர்கூட விடுபடவில்லை. இங்கர் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு புதனும் அப்படியேதான். மார்ச் கடைசியில் ஒரு வரிக் கடிதம் வந்தது. புதன்கிழமை டாக்டர் தொடர்வார். காரணம், மன்னிப்பு எதுவும் இல்லை. எர்மெலிண்டா அதைப் பலகையின் இடப்பக்கம், இறந்தவர்களுக்கு நடுவில் குத்தி வைத்தாள். "செத்துப் பொழைச்சதும் இங்கதானே வரணும்?"

ஏப்ரல் முதல் புதன். இங்கர் பொத்தானை அழுத்தினார். வந்த சீட்டைப் படித்துப் பார்க்காமலே மடித்துக் கைப்பைக்குள் போட்டார். அறையின் வாசலில் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் டேனிஷ் தொண்டையில், ரயில்பெட்டிக்குள் கேட்கும் குரலில், "கடைசி யாருங்க?" என்றார்.

மூலையில் சுல்மீரோவின் கை உயர்ந்தது. இந்தத் தடவை அவர் ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை. இங்கர் அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு, நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடத்தில் கதவு திறந்தது. சமையல் ஏப்ரனில் மாவோடு எர்மெலிண்டா. "கடைசி யாருங்க?" கேட்டுக்கொண்டே அவள் கண், பழக்கதோஷத்தில், இங்கரைத் தாண்டி அடுத்த முகத்துக்குப் போயிற்று.

இங்கர் கையைத் தூக்கினார்.