வக்கீல் வந்துட்டே இருக்காருங்க

எங்கள் தாய்மாமா வக்கீலாக முதன்முதலில் கோர்ட்டில் பேசிய அன்று, குடும்பத்தில் அதைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான். இத்தனைக்கும் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போயிருந்தார்கள்.

மாமா உடுமலைப்பேட்டையில் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வேலைதான். வழக்குக் கட்டுகளைச் சுமப்பார், நகல் வாங்குவார். எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. வழக்கைக் கூப்பிடும் நேரத்தில் பெரிய வக்கீல் வேறொரு கோர்ட்டில் பேசிக்கொண்டிருப்பார். அல்லது டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பார். எதுவானாலும் மாமா எழுந்து கைகட்டி, "வக்கீல் வந்துட்டே இருக்காருங்க ஐயா" என்று சொல்ல வேண்டும். நீதிபதி வழக்கைச் சற்றுத் தள்ளி வைப்பார். அத்தனை வருஷத்தில் மாமா கோர்ட்டில் வாய் திறந்து சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான்.

திடீரென்று ஒருநாள் அவருக்கே வக்கீலாகிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தார். கோயமுத்தூரில் அறை எடுத்துச் சட்டம் படித்தார். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது அவருடைய வழுக்கையைப் பார்த்துப் பையன்கள் எல்லோரும் எழுந்து நின்றார்களாம். மாமாவும் மரியாதை தெரிந்தவர் அல்லவா, அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கடைசி பெஞ்சுக்குப் போயிருக்கிறார்.

கறுப்புக் கோட்டு வந்துவிட்டது, வழக்குத்தான் வரவில்லை. குமாஸ்தாவிடம் போய் யார் வழக்கைக் கொடுப்பார்கள்? கடைசியில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டித்தடத்தில் குறுக்கே முள்வேலி போட்டுவிட்டார். வெட்டிய காயெல்லாம் தோப்பிலேயே கிடந்தன. வேலியை எடுக்க உத்தரவு வாங்க வேண்டும்.

காதுகுத்துக்குப் போவதுபோல வேன் பிடித்து, தூக்குப்போசியில் தக்காளி சோறு கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனோம். தோப்புக்காரர் வராந்தாவிலேயே அத்தையிடம் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் பாப்பனுங்க அம்மணி. தடம் தெறக்கலீன்னா கேசுக் கட்டைப் பெரிய வக்கீலுகிட்டயே குடுத்துப்போடுவனுங்க. கோவிச்சுக்கக் கூடாதுங்க."

எங்கள் பக்கம் மிரட்டலும் இப்படித்தான் வரும். இந்தக் கட்டு போனால் மாமா பழையபடி கட்டுத் தூக்கப் போக வேண்டியதுதான் என்று அத்தைக்குத் தெரியும். அவர் வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். மாமா புதுக் கோட்டும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக எழுந்தார். கையைக் கட்டினார்.

"வக்கீல் வந்துட்டே இருக்காருங்க ஐயா."

எனக்கு அப்போது எட்டு வயது. மாமா சொன்னால் வக்கீல் வந்துகொண்டுதான் இருப்பார். அவரைக் கூட்டிவரும் பொறுப்பு என்னுடையது என்று நானாகவே முடிவு செய்து, நழுவி வெளியே ஓடினேன். கேட்டருகே வெள்ளரிப்பிஞ்சு விற்றவரிடம் விசாரித்தேன்.

"ஏனுங்க, வக்கீல் வந்தாருங்களா?"

"எந்த வக்கீலு கண்ணு? இங்க தடுக்கி உழுந்தா வக்கீலு மேலதான் உழுவோணும்."

உள்ளே நடந்ததை அம்மா கல்யாண வீடுதோறும் சொல்லி நான் கேட்டது. நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டு, "அப்ப நீங்க போட்டிருக்கறது யாரோட கோட்டுங்க?" என்றாராம். "என்னோடதுதானுங்க ஐயா" என்றாராம் மாமா. கோர்ட்டே குலுங்கியிருக்கிறது. நீதிபதி மட்டும் சிரிக்காமல், "சரி, வக்கீல் வரட்டும்" என்று அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னாராம்.

தோப்புக்காரர் உடனே நகர்ந்து, வேறொரு வழக்குக்காக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய வக்கீலின் காதருகே போனார். "ஐயா, நீங்களே எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

"நானுங்களா? உங்க வக்கீல் வரட்டுமுங்க" என்றார் பெரிய வக்கீல். "எனக்காக அவரு எத்தனையோ நாள் நின்னிருக்காரு. இன்னைக்கு நான் உக்காந்திருக்கறேன்."

மறுபடி வழக்கைக் கூப்பிட்டார்கள். "வக்கீல் வந்துட்டாருங்களா?" என்றார் நீதிபதி.

மாமா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "வந்துட்டாருங்க ஐயா. நான்தானுங்க."

அப்புறம் பேசினார் பாருங்கள். அத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. தென்னை, தடம், முள், சட்டப்பிரிவு, மறுபடி தென்னை. "போதுமுங்க, வேலியை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டாச்சு, உக்காருங்க வக்கீலே" என்று நீதிபதியே சொல்லித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. அத்தை எழுந்து கைதட்டிவிட்டு, கோர்ட்டில் தட்டக்கூடாது என்று நினைவு வந்து, கொசு அடித்ததுபோலக் கையைப் பார்த்தாராம்.

எல்லோரும் ஆரவாரமாக வெளியே வந்தபோது நான் மட்டும் வாடிப்போய் நின்றேன்.

"வக்கீல் வரவேயில்லீங்க மாமா. கேட்டுலயே நின்னு பாத்தேன்."

மாமா குனிந்து என் தலையைத் தடவினார். "வந்துட்டாரு கண்ணு. வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகிப்போச்சு."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இருப்பது ஒரே வாசல். அதில் நின்றது நான். என் கண்ணில் படாமல் ஓர் ஆள் எப்படி உள்ளே போயிருக்க முடியும்? தக்காளி சோறு தின்னும்போதும் கேட்டேன், வேனிலும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்களே தவிர, யாரும் பதில் சொல்லவில்லை. இவ்வளவு எளிய கேள்விக்குப் பதில் தெரியாத குடும்பத்தில் வந்து பிறந்துவிட்டோமே என்ற வருத்தத்தோடு மாமாவின் மடியிலேயே தூங்கிப்போனேன்.