நல்லா குடிக்கிறான் என்று எழுதவில்லை

காலையில் பல் துலக்குமுன்னே கைபேசி கேட்கிறது: ‘நேற்று உங்கள் குழந்தை எதை நன்றாகச் செய்தது?’ இங்கிலாந்தில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று இப்படி ஒரு ஆப். வீடு தேடி வந்து குழந்தையைப் பார்க்கும் ஹெல்த் விசிட்டர் என்ற நர்ஸ்தான் என் போனில் ஏற்றிக் கொடுத்தார். நாம் எழுதுவதை அவரும் படிப்பார்.

நல்லதைச் சொல்வதாவது! எங்கள் இண்டூர் கிராமத்தில் வளர்ந்த எவளாவது சொல்வாளா? அக்கா மகன் கொழுகொழுவென்று இருந்தபோது யார் விசாரித்தாலும் அம்மா, “எங்கங்க, பாலே குடிக்க மாட்டேங்குது, எளச்சிப்போச்சி” என்பாள். கேட்டவர்களும், “ஆமாங்க, வாடித்தான் கெடக்குது” என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். உண்மை இருவருக்கும் தெரியும். கண் படாமல் இருந்தால் சரி. அதே பழக்கத்தில் நானும் தினமும் எழுதிவந்தேன்: சரியாகக் குடிப்பதில்லை, இளைத்துவிட்டான். கடைசியில் ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ என்று வரும். அதற்கு மட்டும் சிரித்த முகத்தைத் தொட்டுவிடுவேன். உண்மையில் பிரசவத்துக்குப் பின் எனக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது. அழுதால் தூக்குவேன், பால் கொடுப்பேன். மனதில் ஒன்றும் அசையாது. பெற்றவளுக்கு இப்படியும் இருக்குமா என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு மதியம் நர்ஸ் தராசும் கையுமாக வந்து நின்றார். குழந்தையை நிறுத்தார். நம்பாமல் மறுபடியும் நிறுத்தார்.

“அழகாக வளர்கிறானே! பிறகு ஏன் அப்படி எழுதினீர்கள்?” என்றார் ஆங்கிலத்தில்.

“எங்கள் ஊரில் குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டோம்.”

குழந்தையை என் கையில் கொடுத்தார். “அப்படியானால் உங்களைப் பற்றி எழுதியது?”

“அது உண்மைதான்.”

நம்பிவிட்டார். பெருமூச்சு விட்டு, தராசை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகாதே என்று கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கதவைச் சாத்தினேன்.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுச் சொன்னேன். “வூட்டுக்குள்ளயே வந்து அழகுன்னுட்டாளா? மொதல்ல புள்ளைக்குச் சுத்திப் போடு” என்று பதறினாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஏங் கண்ணு, உம் மூஞ்சி ஏன் இப்புடிக் கெடக்குது?”

“ஒன்னும் தோண மாட்டேங்குதும்மா. இவனப் பாத்தாக்கூட.”

“உனக்கு அங்க ஆரு சுத்துவா? இரு” என்று அம்மா உள்ளே போய் ஒரு பிடி உப்போடு வந்தாள். திரையில் அவள் மூடிய கை சுற்றி வந்தது, கூரை ஓடு தெரிந்தது, மறுபடி கை வந்தது.

“கெழக்க பாத்து நில்லு” என்றாள்.

இந்த வீட்டில் கிழக்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்து, போனைப் பிடித்தபடி, ஒவ்வொரு சுவராகத் திரும்பிக்கொண்டிருந்தேன்.