பேர் தெரியாமல் வெட்டிய ஏழு சட்டைகள்

முல்லா வீதித் தையல்காரர் அன்வருதீனுக்கு ஆள் நடந்து வரும்போதே அளவு தெரிந்துவிடும். ஒன்பது வயதில், சிப்பாய்களுக்குச் சீருடை தைக்கும் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தவர். நாற்பதைத் தொடுவதற்குள் புதுச்சேரியில் பாதிப் பேருடைய தோள் அகலம் அவருக்கு மனப்பாடம். டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவர்களின் திருப்திக்காகத்தான். தொழுகை, கடை, வீடு என்று போன வாழ்க்கையில் விளையாட்டு என்ற ஒன்றை அவர் நின்று பார்த்ததே கிடையாது.

1934 ஜூன் கடைசியில் பிரெஞ்சு சர்க்கார் நடத்தும் பள்ளியான கொலேஜின் குமாஸ்தா ஜானகிராமன் ஒரு வெள்ளைத் துணிக்கட்டோடு கடைக்கு வந்தார். ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய விழாவை ஒட்டி ஒரு பிரெஞ்சுக் கப்பல் வரப்போகிறது; அதன் மாலுமிகளோடு கொலேஜ் பையன்கள் கூடைப்பந்து ஆடப் போகிறார்கள். ஆட ஐந்து பேர், மாற்றுக்கு இரண்டு பேர். ஏழு சட்டை வேண்டும். அன்வருதீன் துணியை விரித்து முழம் போட்டார். இழுத்துப் பிடித்தால் ஏழு வரும், அதற்கு மேல் ஒரு விரற்கடை மிஞ்சாது.

"அளவெடுக்கப் பசங்கள எப்ப அனுப்புறீங்க?"

"அதான் பாய் தகராறு. ஆட்டம் சொல்லித்தர சகாயநாதன்னு புது மாஸ்டர் வந்திருக்காரு. சைகோன் பட்டாளத்துல பன்னெண்டு வருஷம் இருந்தவரு. யார் யாரு ஆடப் போறாங்கன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறாரு. நீங்க போன வருஷ அளவுலயே தச்சிடுங்க. நொத்தேர் வீட்டு பிரான்சுவா இல்லாம இங்க அணி ஏது?"

போன வருஷத்து அளவுகள் நோட்டில் இருந்தன. எல்லாம் நெட்டைப் பையன்கள். பத்திரம் எழுதும் நொத்தேரின் மகன் பிரான்சுவா ஆறடி. அந்த நாள் ஆட்டத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுவில் கொண்டுவந்து மேலே எறிவார்கள். யார் எட்டிப் பிடிக்கிறார்களோ அவர்கள் பக்கம் ஆட்டம். அதனால் உயரமானவனைத் தேடிப் பிடித்து அணியில் போடுவதே வழக்கம்.

ஆளைப் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்க அன்வருதீனுக்கு மனசு வரவில்லை. அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு மைதானத்துக்குப் போனார்.

இருபது பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஊதலோடு நின்ற சகாயநாதன் அவர்களில் பலரைவிடக் குள்ளம். அன்வருதீன் போய்ச் சலாம் சொல்லி, பிரெஞ்சு மரியாதையில் கூப்பிட்டார்.

"முசே, சட்டை யாருக்குன்னு தெரிஞ்சா வெட்டலாம்."

"எனக்கே இன்னும் தெரியல பாய். இருந்து ஆட்டத்தப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

வந்தது வந்தாயிற்று என்று அன்வருதீன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் நாள் ஒரு ஒழுங்கு தெரிந்தது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போக மாஸ்டர் யாரையும் விடவில்லை. கைக்கு வந்ததும் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு நின்றால் உடனே ஊதல். "குடுத்தாச்சில்ல? ஏன் நிக்கிற? காலி இடத்துக்கு ஓடு!" மூன்று தடவை ஊதல் வாங்கியவன் வெளியே உட்கார வேண்டியதுதான்.

பிரான்சுவா பந்தை வாங்கினால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். யாருக்கும் எட்டாது. போன வருஷம் ஊரே கை தட்டிய காட்சி அது. இப்போது அதற்குத்தான் அதிகம் ஊதல். மெலிந்து குச்சியாக இருந்த ஹாஜா என்ற பையனோ பந்தைக் கையில் வைத்த மாதிரியே தெரியவில்லை. வாங்கினான், கொடுத்தான், அடுத்த நிமிஷம் வேறெங்கோ இருந்தான். அவன் பக்கம் மாஸ்டர் ஒரு தடவைகூட ஊதவில்லை.

மூன்றாம் நாள் வீடு திரும்பும்போது அன்வருதீனுக்கு மனசுக்குள் கணக்குத் தெளிவாகிவிட்டது. இந்த மனுஷன் ஆடவைக்கிற ஆட்டத்தில் நிற்கிறவனுக்கு இடமில்லை. அப்படியானால் அவர் ஆள் சேர்ப்பதும் அப்படித்தான் இருக்கும். உயரம் பார்க்கமாட்டார், போன வருஷப் பேர் பார்க்கமாட்டார். பந்து கையை விட்டதும் யார் கால் கிளம்புகிறதோ அவனைத்தான் எடுப்பார். அப்படிப்பட்ட ஏழு பேரை விரல் விட்டு எண்ணினார்.

மனைவி ஷாஜாதி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "போன வருஷ அளவுல வெட்டிட்டா உங்கள யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. சட்டைதான் பொருந்தாது."

"அந்த நொத்தேர் வீட்டுப் புள்ள?"

"அவன் வரமாட்டான்."

"எதுக்கும் ஒண்ண பெருசா வெட்டி வைங்க. பெருச சின்னதாக்கிடலாம். சின்னத இன்னா பண்ணுவீங்க?"

"துணி எங்க இருக்குது? இவங்க எந்நேரமும் கையத் தூக்கிக்கிட்டே ஓடுறாங்க. அக்குள்ள எறக்கி வெட்டணும். ஒண்ண பெருசாக்கினா மத்ததெல்லாம் இறுக்கிப் புடிக்கும்."

அன்வருதீன் ஏழையும் தன் எண்ணப்படியே வெட்டினார். கீழ் மடிப்புகளை ஷாஜாதி அடித்துக் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் தேதி காலையில் ஜானகிராமன் காகிதத்தோடு வந்தார். "பட்டியல் போட்டுட்டாரு பாய். நாலு பேரு போன வருஷம் பெஞ்சுலகூட இல்லாதவங்க!" என்று படித்தார். முதல் பேர் ஹாஜா. அன்வருதீன் ஒவ்வொரு பேருக்கும் ஒரு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டே வந்தார். ஆறு வரைக்கும் கை தயங்கவில்லை. ஏழாவது பேர் பிரான்சுவா.

கையில் மிச்சமிருந்த சட்டையை அவர் பார்த்தார். குமாஸ்தாவும் பார்த்தார்.

"இது அவன் மாருக்கே பத்தாதே பாய்!"

அன்றைக்கே அன்வருதீன் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். பிரான்சுவா போட்டுப் பார்த்தான், நெஞ்சோடு நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, "பரவால்ல பாய், நான் மாத்துதான. பழைய சட்டைய போட்டுக்கிறேன்" என்றான். அன்வருதீனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நீ மட்டும் தனியா நிக்கறதா? குடு இங்க" என்று வாங்கிக்கொண்டார்.

சகாயநாதன் பக்கத்தில் வந்து நின்றார். "ஆறு பேர எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நீங்க ஊதாத பசங்கள எண்ணுனேன் முசே."

சகாயநாதன் வாய்விட்டுச் சிரித்தார். "சைகோன்ல என் கூட ஆடுன அந்த ஊரு அன்னாமியப் பசங்க எல்லாம் என் உசரந்தான். நெட்டையனுங்க பந்த மேல புடிப்பானுங்க. புடிச்சது கீழ வந்துதான ஆகணும்? வர்ற எடத்துல நாங்க இருப்போம்."

"அப்ப இவன ஏன் எடுத்தீங்க?"

"நீங்க மூணு நாள் பாத்துட்டுப் போயிட்டீங்க. நாலாவது நாள் இவன் வந்து, எங்க தப்புன்னு கேட்டான். அதுலேர்ந்து தெனம் எல்லாரும் போன பின்னாடி செவுத்துல பந்த அடிச்சு, அடிச்சு ஓடிக்கிட்டிருந்தான். ஆறடி ஆளு ஓடக் கத்துக்கிட்டா வுட்டுருவேனா பாய்?"

மூன்று நாளில் ஒரு பையனைப் பற்றி முடிவு கட்டிவிட்டோமே என்றிருந்தது அன்வருதீனுக்கு. வீட்டுக்கு வந்து சட்டையின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்தார். வெள்ளைத் துணி இல்லை. ஷாஜாதி பெட்டியைக் கிளறி, சிப்பாய்ச் சீருடையில் மிஞ்சிய நீலத் துண்டுகளை எடுத்துத் தந்தாள். அவற்றைப் பட்டையாக வெட்டி இரண்டு விலாவிலும் வைத்துத் தைத்தார்.

பந்தயத்தன்று மாலுமிகள் நடுப்பந்தை ஒன்றுவிடாமல் எட்டிப் பிடித்தார்கள். ஆனால் பிடித்த பந்து கீழே வந்தபோதெல்லாம் ஹாஜாவோ இன்னொருவனோ அங்கே இருந்தான். கடைசிக் கால்மணியில் பிரான்சுவா இறங்கினான். தலைக்கு மேல் பந்தைப் பிடித்தான். பிடித்த வேகத்திலேயே ஹாஜாவிடம் கொடுத்துவிட்டு ஓடினான். வேப்பமரத்தடியிலிருந்து அன்வருதீன், "அப்படித்தான்! ஓடு, ஓடு!" என்று கத்தியதைக் கேட்டுப் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாலுமிகள் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். போன வருஷம் கொலேஜ் தோற்றது பதினாறு கூடையில்.

அதற்கப்புறம் அன்வருதீன் சாயங்காலத்தில் கடையில் கிடைப்பது அரிதாகிவிட்டது. காத்திருக்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போனாள் ஷாஜாதி. அடுத்த ஜூனில் ஆள் எடுக்கும்போது சகாயநாதன் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒரு கட்டைப் பையனை எடுக்கலாம் என்றார் அன்வருதீன். சோம்பேறி என்றார் மாஸ்டர். இருவரும் இருட்டும் வரை வாதாடினார்கள். பட்டியலில் அந்தப் பேர் வரவில்லை. அன்வருதீன் அவனை விடவில்லை, இன்னும் ஒரு வாரம் பாருங்கள் என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தார்.