நர்சுகளைச் சிரிக்க வைக்கப் போனேன்

கொரோனா காலத்தில், என் நகைச்சுவைப் பேச்சு நர்சுகளின் மனச்சோர்வைப் போக்கும் என்று நம்பி மேடையேறிய மடையன் நான். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி. காலை எட்டு மணி. முன்வரிசையில் ஸ்டெல்லா என்ற நர்ஸ் குறட்டையே விட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. பேசி முடித்ததும், கூட்டத்தை ஏற்பாடு செய்த ஆஸ்பத்திரி அதிகாரியிடம் புகார் சொன்னேன். அவர் உடனே அவளுக்கு மெமோ எழுதினார்.

பக்கத்து நர்ஸ் சீறினாள்: "சாரே, நைட் டூட்டி முடிச்சவங்கள வீட்டுக்கு விடாம இங்க இருத்தியிருக்கு. சிரிக்க வரலேன்னா ஆப்சென்ட்!"

எனக்கு ரத்தம் கொதித்தது. உறக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆறுதல் தருகிறார்களாம்! அதற்கு நான் கையாள், போதாததற்கு கோள்மூட்டியும்கூட. "மெமோவைக் கிழியும். இல்லையென்றால் பத்திரிகையில் எழுதுவேன்" என்று அதிகாரியிடம் கத்தினேன். கிழித்தார்.

வாசலில் ஸ்டெல்லா சொன்னாள்: "கோவப்படாதீங்க சாரே. ஒரு வாரமா கண்ணடச்சா செத்தவங்க மொகம்தான் வரும். உங்க பேச்சுலதான் ஒண்ணும் வராம உறங்கினேன். அடுத்த வாரமும் வருவியளா?"