டிராம் கண்டக்டர் பேசிய தமிழ்

என் முதல் குழந்தை பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. யுத்த காலம். கணவரை ஆபீசில் நாகபுரிக்கு அனுப்பியிருந்தார்கள். பாலக்காட்டிலிருந்து அம்மா வர ரயிலில் இடம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு வார்டு முழுக்க உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். நான் குழந்தையை அணைத்துக்கொண்டு, தூங்குவதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அடுத்த கட்டில் மராட்டிப் பெண் பேச வந்தபோதெல்லாம் முகம் கொடுக்கவில்லை. அவளைப் பார்க்க ஆள் வருகிறதே என்ற பொறாமைதான்.

மூன்றாம் நாள் அவள் தன் கணவரிடம் ஏதோ சொன்னாள். காக்கி உடுப்போடு வந்திருந்த அந்த டிராம் கண்டக்டர், ஸ்டூலை இழுத்துப் போட்டு என் அருகில் உட்கார்ந்தார். குழந்தையைப் பார்த்தார். என்ன பேசுவதென்று தயங்கினார். தமிழர்கள் நிறைந்த கிங்ஸ் சர்க்கிள் போகும் டிராமில் எங்கள் தமிழ்ப் பெண்களிடம் தினமும் சொல்கிற தமிழ்தான் அவருக்குத் தெரியும் போலிருக்கிறது.

“உள்ள போங்கோ மாமி, உள்ள போங்கோ!” என்றார், அத்தனை பரிவோடு.

சிரித்தேன். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. அவர் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். அவள் மெல்ல எழுந்து வந்து என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“ரடூ நகோ,” என்றாள். அழாதே என்கிறாள் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது.

மறுநாள் காலை நான் கண் விழிப்பதற்குள் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.