அண்ணன் செய்த சிங்க் மூடியும் ஊர் பேசிய பொய்யும்

அண்ணன் நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள்; எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். வருடம், கிழமை எல்லாம் மறந்துபோகிறது. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அண்ணன் அவர்கள் காரைக்கால் பக்கம் போலகத்தில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாலு வயது. தச்சு வேலைக்கு அன்று பிடித்த இழைப்புளியைக் கடைசிவரை விடவில்லை. நான் கணவரை இழந்து கைப்பிள்ளையோடு வந்து நின்றபோது, "இது உன் வீடு" என்றார். அண்ணியும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை.

காரைக்காலில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீடுகளில் அப்போதுதான் அடுப்படியில் பீங்கான் சிங்க் வைத்தார்கள். அதற்கு அண்ணன் பலகையில் மூடி செய்வார். மூடினால் மேலே காய் நறுக்கலாம், கரப்பான் ஏறாது. கொத்தனார் பதித்த சிங்க் ஒன்றைப்போல் ஒன்று இராது. ஒவ்வொன்றுக்கும் தனி அளவு.

பல வீடுகளில் வெளி ஆண்களை அடுப்படிக்குள் விடமாட்டார்கள். அதனால் நான்தான் உள்ளே போவேன். செய்தித்தாளை சிங்க்கின்மேல் விரித்து, விளிம்போடு அழுத்தி, குழாய்க்கு இடம் விட்டுக் கத்தரித்து, எது மேல்பக்கம் என்று தெரிய அதில் மஞ்சள் பொட்டு வைத்துக் கொண்டுவந்து கொடுப்பேன். சிங்க்கைப் பார்க்காமலே அண்ணன் அறுப்பார். மயிரிழை பிசகாது.

ஒரு வீட்டில் அந்த அம்மா பக்கத்திலேயே நின்று, "சீக்கிரம் ஆவட்டும், உலை வைக்கணும்" என்று விரட்டினார். பதற்றத்தில் பொட்டை அடிப்பக்கத்தில் வைத்துவிட்டேன். அண்ணன் தாளைப் புரட்டிப் போட்டு அறுக்க, குழாய்க்கான வெட்டு இடம் மாறிப்போனது. அடியில் சட்டம் அறைந்த மூடியைப் புரட்டியும் போட முடியாது.

"என்னய்யா, கள்ளுக்கடையில உக்காந்து அறுத்தியா?" என்று அந்த அம்மா மூடியை முற்றத்தில் வீசினார்.

அண்ணன் தாளை எடுத்து அதிலிருந்த பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என் தப்புதாங்க. வேற செஞ்சு தரேன்" என்றார்.

வழியில், "ஏண்ணே அப்புடிச் சொன்னீங்க?" என்று அழுதேன்.

"உன்னைய ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னொரு வீட்டுப் படி ஏறுவியா நீ? பேசாம வா புள்ள."

வேறு மூடி கச்சிதமாகப் பொருந்தியது. அதை யார் பேசினார்கள்? குடித்துவிட்டு அறுத்தார் என்பதைத்தான் தெருத்தெருவாகப் பேசினார்கள். கோட்டுச்சேரியிலிருந்து அண்ணன் மகளுக்கு வந்த சம்பந்தம், "குடிகாரன் வீட்டுப் பொண்ணு வேணாம்" என்று நின்றது. சொந்தக்காரர்களே, உங்களில் ஒருவராவது அவர் வாயை முகர்ந்து பார்த்தீர்களா? அவர் காபியைத் தவிர ஒன்றும் அறியாதவர். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. கூச்சமாம், கூச்சம்! அந்தக் கூச்சத்தில் கொள்ளியை வைக்க.

காமாலையில் கிடந்து அண்ணன் போனார். பதினாறாம் நாள் இலையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுப் பாயசத்தை ஊற்றிக்கொண்டே ஒருவர் சொன்னார்: "குடிச்ச ஈரல் எத்தினி நாளு தாங்கும்?" நாலு பேர் தலையாட்டினீர்கள். நான் பரிமாறிக்கொண்டு நின்றேன். அப்படிச் சொன்னவர் கையிலும் இந்த மலர் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிறகு அண்ணன் மகளைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இரவு பகலாக அண்ணனோடு கூட இருந்த மருமகனுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தலையாட்டியவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

அண்ணன் வயது, அப்பா தவறிய வருடம் இவற்றை மருமகன் ஒருமுறை சரிபார்த்து அச்சுக்குக் கொடுக்கவும். பொட்டை மாற்றி வைத்தவள் நான் என்பதை மட்டும், என் மானம் போகுமென்று இரக்கப்பட்டு யாரும் அடித்துவிடாதீர்கள்.