அரையாண்டு மதிப்பெண்

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘அரை மார்க்’. விடை சரியாக இருந்தும் சென்டிமீட்டர் என்று எழுதாமல் விட்டால் அரை மார்க் பிடித்துக்கொள்வார். விடை தப்பாகப் போனாலும் வழி சரியென்றால் அரை மார்க்காவது போடாமல் விடமாட்டார். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. “ஒரு மார்க்னு வெச்சிருக்கலாம், அதுலயும் அரையைப் பிடிச்சுட்டாங்க” என்று சிரிப்பார்.

இருபத்து நான்கு ஆண்டுகள், ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. நடுவில் பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்பு புரட்ட முடியாது என்று இரண்டையும் வேண்டாமென்றார். பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்தும் அவருடைய அக்காவுக்கு இது பொறுக்கவில்லை.

“உனக்கு அப்புறம் சேர்ந்தவங்கெல்லாம் எங்கெங்கயோ போயாச்சு. நீ மட்டும் நட்ட கல்லு மாதிரி நில்லு. என் ஆபீசுக்கு வாடின்னா வரமாட்டே.”

“ஒன்பதாவதுலதான்கா கணக்கு மேல பயம் ஒட்டுது. அந்த இடத்துல ஒரு ஆள் நிக்க வேண்டாமா?”

“நீ நின்னா பயம் ஓடிடுமா? உன்னைப் பார்த்துதான்டி பயப்படுதுங்க.”

அக்கா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. டீச்சருக்கு ஒரு தொழில் வழக்கம் உண்டு. அரையாண்டுத் தேர்வில் இறுக்கித் திருத்துவார். ஆண்டுத் தேர்வில் இளக்கிவிடுவார். அரையாண்டில் முப்பது வாங்கிய பிள்ளை பதறிப்போய் படித்து ஆண்டு முடிவில் ஐம்பது வாங்கும். இருபத்து நான்கு ஆண்டுகளில் இந்த வித்தை அவரை ஏமாற்றியதே இல்லை.

இந்த ஆண்டு அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் அறையில் எதிரே உட்கார்ந்திருந்த அறிவியல் சார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“கொஞ்சம் தாராளமா போடுங்க டீச்சர். அரையாண்டு மார்க்கை வெச்சே ஆள் கழிக்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு.”

“பேச்சைக் கேட்டு மார்க் போட்டா, பிள்ளைங்க எதுக்கு சார் பரீட்சை எழுதணும்?”

“நான் எல்லாருக்கும் நாப்பதுக்கு மேல போட்டுட்டேன். புண்ணியமா போகட்டும்.”

“புண்ணியம் சயின்ஸ்ல எந்தப் பாடத்துல வருது சார்?”

சார் சிரித்துவிட்டு எழுந்து போனார். டீச்சர் அடுத்த தாளை எடுத்தார். தையல்காரர் மகளுடைய தாள். ஆண்டுத் தொடக்கத்தில் பதினொன்று வாங்கிய பெண். காலாண்டில் பத்தொன்பது. இப்போது கூட்டிப் பார்த்தால் முப்பத்து மூன்றரை. டீச்சருக்கு உள்ளூரச் சந்தோஷம். அலகு எழுதாத மூன்று இடங்களில் அரை அரையாகப் பிடித்திருந்தார். இருக்கட்டும், மார்க் போன கோபத்தில் ஆண்டுத் தேர்வில் ஐம்பதைத் தாண்டிவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

ஆள் கழிப்பது என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். பள்ளியின் வாசலில் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பலகை தொங்கியது. அந்த நூறு எப்படி வருகிறது? தோற்றுவிடுவார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே வெளியே அனுப்பிவிட்டால் மிஞ்சியவர்கள் எல்லோரும் தேறத்தானே செய்வார்கள். நோயாளிகளை வாசலிலேயே விரட்டிவிட்டு எங்கள் ஆஸ்பத்திரியில் சாவே கிடையாது என்று பெருமை பேசுகிற வைத்தியம் இது. ஊரே கைதட்டியது. பலகையைப் பார்த்துத்தான் பெற்றோர்கள் வரிசையில் நின்று பிள்ளைகளைச் சேர்த்தார்கள். எந்தப் பிள்ளை கழிபடும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இதுவரை ஆண்டு முடிவில் நடந்த கழிப்பு, இந்த முறை அரையாண்டுக்கே வந்துவிட்டது. முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கியவர்கள் பட்டியலில் ஆறு பேர். ஆறு பேரும் கணக்கில் மட்டும் விழுந்தவர்கள். மற்ற எல்லாப் பாடத்திலும் அவர்களுக்கு நாற்பதுக்கு மேல் தாராளமாக விழுந்திருந்தது.

டீச்சர் தையல்காரர் மகளின் தாளோடு தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

“மேடம், மூணு இடத்துல அரை மார்க் நான் பிடிச்சது. விடை சரிதான். போட்டா முப்பத்தஞ்சு வந்துடும்.”

“மார்க் கம்ப்யூட்டர்ல ஏறி மேலிடத்துக்குப் போயாச்சு டீச்சர். இப்ப மாத்தினா ஏன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

“கேட்டுட்டு, இத்தனை வருஷம் நீங்க போட்ட மார்க்கையெல்லாம் சந்தேகப்படுவாங்க. பரவாயில்லையா?”

“பதினொண்ணுல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கா மேடம். இன்னும் நாலு மாசம் குடுத்தா...”

“அவ தலையெழுத்து அப்படி. நீங்க போட்ட மார்க்குதானே? நானா போட்டேன்?”

தலையெழுத்தாம். சிவப்பு மையில் எழுதிய கை யாருடையது என்று டீச்சருக்குத் தெரியும்; பட்டியல் அடித்த இயந்திரம் எந்த மேசையில் இருக்கிறது என்றும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் விதிக்கு என்ன வேலை?

“நான் பட்டியல்ல கையெழுத்துப் போடமாட்டேன்.”

“உங்க கையெழுத்து தேவையில்ல டீச்சர்” என்றார் தலைமையாசிரியை, கோபமே இல்லாமல். “அப்பா கையெழுத்துதான் வேணும்.”

மறுநாள் தையல்காரர் வந்தார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தார். மகள் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றாள். டீச்சர் அவரை ஓரமாக அழைத்துப்போனார்.

“நீங்களா விருப்பப்பட்டு வெளிய போறதா எழுதிக் கேப்பாங்க. எழுதாதீங்க. எழுதலைன்னா அவங்களால அனுப்ப முடியாது.”

“எழுதலைன்னா வருஷக் கடைசியில ஃபெயில்னு போட்டுடுவாங்களாம் டீச்சர். எழுதினா இப்பவே பாஸ்னு சர்டிபிகேட் தருவாங்களாம். பாஸ்னு இருந்தாத்தானே வேற பள்ளிக்கூடத்துல ஏத்துக்குவாங்க?”

எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்கள்.

“வேற பள்ளிக்கூடம் பார்த்திருக்கீங்களா?”

“பார்க்கணும். பக்கத்துல ஒண்ணும் இல்ல. கிடைக்கிற வரைக்கும் கடையில பட்டன் கட்டட்டும்.” அவர் வெள்ளைத்தாளை நீட்டினார். “எனக்கு இந்த மாதிரி வாசகமெல்லாம் வராது. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. உங்க எழுத்து முத்து மாதிரி இருக்கும்னு பொண்ணு சொல்லும்.”

டீச்சர் தாளை வாங்கினார். வாங்காமல் இருந்திருந்தால் அலுவலக எழுத்தர் எழுதிக்கொடுத்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று எழுதத் தொடங்கியபோது தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

“எங்க குடும்பத்துல ஒண்ணும் ஆகலையே டீச்சர்?”

“இப்படித்தான் எழுதணுமாம்.”

“சரி, எழுதுங்க.”

‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று எழுதி முடித்துக் கொடுத்தார். தையல்காரர் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தூணுக்குப் பின்னால் இருந்த பெண் வந்து, “நன்றி சொல்லச் சொன்னாங்க டீச்சர்” என்றாள். யார் சொல்லச் சொன்னார்கள், எதற்கு என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு அனுப்புங்கள், நான் சொல்லித்தருகிறேன் என்றார் டீச்சர். “பார்க்கலாம் டீச்சர்” என்றார் தையல்காரர். மூன்று சனிக்கிழமை பார்த்தாயிற்று. யாரும் வரவில்லை.

“இன்னமும் அங்கயேதான் நிக்கப் போறியா?” என்று அக்கா கேட்டாள்.

“மிச்சம் முப்பத்தாறு பேர் இருக்காங்கக்கா” என்றார் டீச்சர். அது பதிலாக அவருக்கே படவில்லை.

அடுத்த மாதத் தேர்வுத் தாள்கள் வந்தன. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தாளில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். எந்த இடத்தில் பிடித்தால் எந்தப் பிள்ளை எங்கே போய் விழும்? யாரைக் கேட்பது? கடைசியில் கட்டு முழுவதையும் அரை மணி நேரத்தில் முடித்தார்.

தாளைக் கொடுத்த அன்று முதல் வரிசைப் பெண் எழுந்து வந்தாள்.

“டீச்சர், ஏழாவது கணக்கு எனக்குத் தப்பு. வழியும் தப்பு. முழு மார்க் போட்டிருக்கீங்க.”

“தெரியும்” என்றார் டீச்சர். “போய் உக்காரு.”

அவள் தாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“அப்ப சரியான வழி எது டீச்சர்?”

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். சாக்பீஸை எடுத்தார். கை உடனே எழும்பவில்லை.